மலாயாத் தாத்தாவின் பெயர்

மகாளய அமாவாசையன்று விடிவதற்கு முன்பே மாயவரம் துலாக் கட்டத்துக்குப் போய்விடுவது என் வழக்கம். கூட்டம் சேர்ந்துவிட்டால் படிக்கட்டில் உட்கார இடம் கிடைக்காது. நாலைந்து வருஷத்துக்கு முன்பு அப்படிப் போயிருந்தேன். அப்பா, தாத்தா, கொள்ளுத்தாத்தா என்று வரிசையாக எள்ளும் தண்ணீரும் இறைத்தாயிற்று. அன்றைக்குப் பிள்ளையில்லாமல் போன உறவினருக்கும் விடுவது உண்டு. காருணிக பித்ருக்கள் என்பார்கள். வாத்தியார், "பெயர் சொல்லுங்கோ" என்றார்.

"மலாயாத் தாத்தா" என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "அது ஊர். பெயர் என்ன?"

எனக்குத் தெரியவில்லை. "சரி, தெரிஞ்சவா தெரியாதவா எல்லாருக்கும் சேர்த்து விடுங்கோ" என்று சொல்லி முடித்து வைத்தார். வேலையில் இருந்த காலத்தில் பெரும்பகுதி பிறப்பு இறப்புப் பதிவேட்டோடு உட்கார்ந்தவன் நான். ஊரார் பெயரையெல்லாம் எழுத்துப் பிசகாமல் எழுதியவனுக்குச் சொந்தத் தாத்தாவின் தம்பி பெயர் தெரியவில்லை. பஸ்ஸில் வீடு திரும்பும்போது வெட்கமாக இருந்தது. இந்தக் கட்டுரை அந்த வெட்கத்தில் பிறந்ததுதான்.

எங்கள் பூர்வீகம் அரசலாற்றங்கரையில், நன்னிலம் தாலுகாவில் ஒரு சின்ன ஊர். தாத்தாவின் தம்பி முப்பதுகளின் நடுவில் நாகப்பட்டினத்தில் கப்பலேறி மலாயாவுக்குப் போனார். அந்தக் காலத்துத் தஞ்சாவூர் ஜில்லாவில் இது அதிசயமில்லை. இரண்டு வருஷம் ஆற்றில் தண்ணீர் சரியாக வரவில்லை என்றால், அல்லது அண்ணன் தம்பிக்குள் மனஸ்தாபம் என்றால், இளவட்டங்கள் கங்காணியின் பின்னால் போய்விடுவார்கள். பெரும்பாலும் ரப்பர் தோட்ட வேலைதான். திறமையில்லாத் தொழிலாளரை உதவி கொடுத்து அனுப்பும் முறையை 1938-ல் இந்திய அரசு நிறுத்திவிட்டது. இவர் அதற்கு முன்பே போய்விட்டார்.

யுத்தத்துக்கு முன்னால் ஒரு கடிதம் வந்ததாக அப்பா சொல்வார். அப்புறம் ஒன்றும் இல்லை. யுத்தம் முடிந்து சில வருஷம் கழித்து, அதே தோட்டத்திலிருந்து திரும்பிய ஒருவர், "சயாமுக்கு ரயில் போடப் பிடித்துக்கொண்டு போனார்கள். திரும்பி வரவில்லை" என்று திண்ணையில் உட்கார்ந்து சொல்லிவிட்டுப் போனாராம். கொள்ளுப்பாட்டி அதை நம்பவில்லை. உடம்பைப் பார்க்கவில்லை, தேதி சொல்லவில்லை, எப்படி நம்புவது? காணாமல் போனவருக்கு ஏழு வருஷம் என்று சட்டம் சொல்கிறது. பன்னிரண்டு வருஷம் காத்திருந்து, தர்ப்பைப் புல்லில் உருவம் செய்து எரிக்கச் சாஸ்திரம் சொல்கிறது. பாட்டி இரண்டுக்கும் ஒப்புக்கொள்ளாமலே கண்ணை மூடினாள். அவளுக்குப் பிறகுதான் வீட்டில் மகாளய அமாவாசையன்று அவருக்கும் எள்ளுத் தண்ணீர் விடத் தொடங்கினார்கள்.

இனி சயாம் ரயிலின் கதை. பெரியவர்கள் பலருக்கு இது காதில் விழுந்திருக்கும். முழுவதும் தெரிந்தவர்கள் குறைவு.

1941 டிசம்பரில் ஜப்பானியர் மலாயாவில் இறங்கினார்கள். 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் விழுந்தது. பிறகு பர்மாவையும் பிடித்தார்கள். பர்மாவில் இருந்த படைக்குக் கடல் வழியாகச் சாமான் அனுப்பினால் நேச நாட்டு நீர்மூழ்கிகள் அடித்தன. அதனால் சயாமின் பான்போங் பக்கத்திலிருந்து பர்மாவின் தன்பியூசயாத் வரை, மலையும் காடுமாக இருந்த 415 கிலோமீட்டரில் ரயில் பாதை போட முடிவு செய்தார்கள். 1942 நடுவில் வேலை தொடங்கியது. 1943 அக்டோபர் 17 அன்று இரண்டு பக்கத்துத் தண்டவாளமும் கொன்கொய்தா என்ற இடத்தில் சேர்ந்தன. சுமார் பதினாறு மாதத்தில் முடிந்த வேலை. எத்தனை உயிர் போயிருக்கும் என்று அதிலிருந்தே ஊகிக்கலாம்.

வேலை செய்தவர்கள் இரண்டு வகை. ஒரு வகை, போர்க் கைதிகளான பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, டச்சு, அமெரிக்கச் சிப்பாய்கள். சுமார் 60,000 பேர். அவர்களில் 12,000 பேருக்கு மேல் இறந்தார்கள். இன்னொரு வகை ஆசியக் கூலிகள்: தமிழர், பர்மியர், மலாய்க்காரர், ஜாவாக்காரர். இவர்கள் எண்ணிக்கை 1,80,000-க்குக் குறையாது. இரண்டரை லட்சத்துக்கும் மேல் என்பாரும் உண்டு. இறந்தவர்கள் சுமார் 90,000 என்று பொதுவாகச் சொல்கிறார்கள். மலாயாவிலிருந்து கொண்டுபோனவர்கள் சுமார் 75,000 பேர். அவர்களில் பெரும்பாலோர் தோட்டத்துத் தமிழர்கள்.

முதலில் ஒரு நாளைக்கு ஒரு வெள்ளி சம்பளம், மூன்று மாதம் வேலை, பிறகு திரும்பலாம் என்று ஆசை காட்டினார்கள். ஆள் சேரவில்லை என்றதும் தோட்டத்துக்கு இத்தனை பேர் என்று கணக்கு வைத்துப் பிடித்தார்கள். இலவச சினிமா என்று கூப்பிட்டு, உள்ளே வந்தவர்களை அப்படியே லாரியில் ஏற்றிய கதையைப் பிழைத்து வந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். 1943 மழைக்காலத்தில் காலரா வந்தது. கைதிகளின் முகாமில் அவர்களோடு பிடிபட்ட ராணுவ டாக்டர்கள் இருந்தார்கள். மருந்து இல்லாவிட்டாலும் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடிக்க வேண்டும் என்று சொல்ல ஆள் இருந்தது. கூலிகளின் குடிசைகளில் அதுவும் இல்லை. பலரைக் குழி வெட்டி மொத்தமாகத் தள்ளினார்கள்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். குமாஸ்தாவாக இருந்தவன் கண்ணில் அதுதான் முதலில் படும்.

கைதிகளுக்கு ஒவ்வொருவருக்கும் ஒரு ராணுவ எண் இருந்தது. யார் எந்தத் தேதியில் எதனால் இறந்தார், எங்கே புதைத்தோம் என்று அவர்களுடைய அதிகாரிகள் ஜப்பானியருக்குத் தெரியாமல் எழுதி வைத்தார்கள். அகப்பட்டால் அடி நிச்சயம். அந்தக் காகிதங்களைப் பாட்டிலிலும் தகர டப்பாவிலும் அடைத்துக் கல்லறைகளிலேயே புதைத்தார்கள். யுத்தம் முடிந்த அடுத்த மாதமே, 1945 செப்டம்பரில், ஒரு சிறு குழு அந்தப் பாதையில் ரயிலிலேயே போய்த் தேடியது. ஜப்பானிய ராணுவத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்த நகாசே தகாஷி என்பவரும் கூடப் போனார். காடு மூடிக்கொண்டிருந்தும் 144 இடுகாடுகளில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட கல்லறைகளைக் கண்டுபிடித்தார்கள். கையில் பட்டியல் இருந்ததுதான் காரணம். இன்று காஞ்சனபுரி யுத்த மயானத்தில் சுமார் 7,000 பேர் வரிசையாகக் கிடக்கிறார்கள். பெரும்பாலான கற்களில் பெயர், வயது, படைப்பிரிவு எல்லாம் உண்டு.

அந்தக் குழு தேடியது போர்க் கைதிகளை மட்டும். கூலிகளுக்குப் பட்டியல் இல்லை, தேடவும் யாரும் இல்லை. தோட்டத்தில் இருந்தவரை செக்ரோலில் பெயர் இருந்தது. ஆனால் எந்தப் பெயர்? மலாயாத் தோட்டங்களில் எத்தனை ராமசாமி, எத்தனை முனியம்மா! தகப்பன் பெயரும் ஊரும் சேராவிட்டால் அந்தப் பெயரால் ஒருவரையும் அடையாளம் காண முடியாது. வெள்ளைக்காரத் துரைமார் ஓடிப்போயோ சிறைப்பட்டோ போன பிறகு, யார் எந்த ரயிலில் ஏறினார் என்று தோட்டத்தில் எழுதி வைக்கவும் ஆள் இல்லை.

1990 நவம்பரில் காஞ்சனபுரியில் ஒரு நிலத்தைத் தோண்டியபோது நூற்றுக்கணக்கான எலும்புக்கூடுகள் வந்தன. ஒழுங்கான கல்லறை அல்ல, ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. ரயில் பாதைக் கூலிகள்தான், அதிலும் பலர் தமிழராக இருக்க வேண்டும் என்று பேசப்பட்டது. அதற்கு மேல் போக முடியவில்லை. எந்த எலும்பு எந்த ஊர், எந்த வீடு என்று சொல்ல ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. இந்தச் செய்தியைப் பல வருஷம் கழித்துத்தான் படித்தேன். அந்தக் குவியலில் ஒருவர் அரசலாற்றங்கரைக்காரராக இருக்கலாம் என்று நினைத்தபோது, அன்றிரவு தூக்கம் பிடிக்கவில்லை.

இப்போதுதான் விஞ்ஞானம் இவ்வளவு வளர்ந்திருக்கிறதே, எலும்பைக் கொடுத்தால் ஆளைச் சொல்லிவிட மாட்டார்களா என்று என் பேத்தி கேட்டாள். நானும் அப்படித்தான் நினைத்தேன். இந்தியாவில் நடந்த இரண்டு ஆராய்ச்சிகளைப் படித்த பிறகு எனக்கு விஷயம் புரிந்தது.

முதலாவது, பஞ்சாபில் அஜ்னாலா. 1857 கலகத்தின்போது லாகூர் அருகே மியான் மீரில் இருந்த 26-ஆம் வங்காளப் படைப்பிரிவின் சிப்பாய்கள் தப்பி ஓடிப் பிடிபட்டார்கள். 282 பேரைக் கொன்று ஒரு கிணற்றில் தள்ளி மூடிவிட்டார்கள். அமிர்தசரஸ் டெபுடி கமிஷனராக இருந்த கூப்பர் என்பவரே அதைப் பெருமையாகப் புத்தகத்தில் எழுதி வைத்தார். 2014-ல் அந்தக் கிணற்றைத் தோண்டினார்கள். எலும்பு, பல், காசு, பதக்கம் எல்லாம் வந்தன. அவை பிரிவினைக் கலவரத்தில் செத்தவர்களுடையவை என்றும் சிலர் வாதாடினார்கள். ஹைதராபாத் சி.சி.எம்.பி., பனாரஸ் பல்கலைக்கழகம், பஞ்சாப் பல்கலைக்கழகம், லக்னோ பீர்பல் சாஹ்னி நிறுவனம் ஆகியவற்றின் விஞ்ஞானிகள் சேர்ந்து டி.என்.ஏ.வையும் பல்லையும் ஆராய்ந்து 2022-ல் முடிவை வெளியிட்டார்கள். அந்த மனிதர்கள் பஞ்சாபிகள் அல்ல, கங்கைச் சமவெளிக்காரர்கள்.

பல்லை வைத்து ஊரை எப்படிச் சொல்கிறார்கள் என்பது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. பல்லின் மேல் பூச்சு சிறுவயதில் உருவாகிறது. பிறகு மாறுவதில்லை. அந்த வயதில் குடித்த தண்ணீரும் தின்ற தானியமும் கொண்டுவந்த ஸ்ட்ரோன்சியம், ஆக்சிஜன் ஆகியவற்றின் விகிதம் அதில் அப்படியே தங்கிவிடுகிறது. எங்கே போய்ச் செத்தாலும், பிறந்து வளர்ந்த ஊர்த் தண்ணீரின் அடையாளம் பல்லில் இருக்கும். அப்படியானால் காவேரித் தண்ணீர் குடித்து வளர்ந்தவன் சயாம் மண்ணில் கிடந்தாலும் அவன் பல்லில் ஏதோ ஒரு தடயம் இருக்கக்கூடும்.

ஆனால் அஜ்னாலாவில் ஒருவருக்கும் பெயர் கிடைக்கவில்லை. விஞ்ஞானம் கங்கைக் கரை வரை கொண்டுபோய் விட்டது. அதற்கு மேல் வீட்டு வாசலுக்குப் போகப் படைப்பிரிவின் பெயர்ப் பட்டியலும், அதில் ஊரும், அந்த ஊரில் வாரிசும் வேண்டும்.

இரண்டாவது, கோவா. ஜார்ஜியா நாட்டு ராணி கெத்தெவான், மதம் மாற மறுத்ததற்காக 1624-ல் பாரசீகத்தில் ஷிராஸ் நகரில் கொல்லப்பட்டாள். அகஸ்தீன் சபைப் பாதிரிமார் அவள் எலும்பில் ஒரு பகுதியைக் கோவாவுக்குக் கொண்டுவந்து தங்கள் கோயிலில் வைத்தார்கள். பிறகு அந்தக் கோயில் இடிந்து மண்மேடாயிற்று. அங்கே எங்கே என்று தோண்டுவது? பழைய போர்த்துகீசியக் குறிப்புகளில், எந்த மண்டபத்தில் எந்த ஜன்னலில் கல்பெட்டி இருக்கிறது என்று எழுதியிருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு தொல்லியல் துறை தோண்டியதில் கை எலும்பு கிடைத்தது. சி.சி.எம்.பி.யில் நம் தமிழ் விஞ்ஞானி தங்கராஜ் குழுவினர் தாய்வழி டி.என்.ஏ.வைப் பார்த்தார்கள். நம் நாட்டு மாதிரிகளோடு அது ஒத்துப்போகவில்லை. ஜார்ஜியர் சிலரோடு ஒத்துப்போனது. 2021 ஜூலையில் நம் வெளியுறவு அமைச்சரே நேரில் போய் அதை ஜார்ஜியாவிடம் ஒப்படைத்தார்.

160 வருஷத்து எலும்புகளுக்குப் பெயரில்லை. 400 வருஷத்து எலும்புக்குப் பெயர் கிடைத்தது. இரண்டிலும் ஆராய்ச்சி நடந்தது இதே சி.சி.எம்.பி.யில்தான். ஒன்றுக்குக் காகிதம் இருந்தது, இன்னொன்றுக்கு இல்லை.

என் விஷயத்தையும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். தகப்பன் வழியாக ஆணுக்கு ஆண் இறங்கி வரும் ஒய் குரோமோசோம் என்று ஒன்று உண்டு. என் தாத்தாவுக்கும் மலாயாத் தாத்தாவுக்கும் ஒரே தகப்பன். ஆகவே அவருக்கு இருந்ததுதான் எனக்கும். என் எச்சிலில் கொஞ்சம் எடுத்தால் போதும். ஆனால் அதே குரோமோசோம் எங்கள் பங்காளிகள் அத்தனை பேருக்கும் இருக்கும். எண்பது வருஷம் அந்த வெயிலிலும் மழையிலும் கிடந்த எலும்பில் டி.என்.ஏ. எவ்வளவு மிஞ்சியிருக்கும் என்பது வேறு. அதெல்லாம் சரியாக அமைந்தாலும், "இவர் இந்த வீட்டு ஆண்" என்றுதான் ஆய்வகம் சொல்லும். யார் என்று நான்தான் சொல்ல வேண்டும். எனக்கோ பெயர் தெரியாது.

பதிவேட்டின் அருமை எனக்குச் சிறுவயதிலேயே தெரிந்திருக்க வேண்டும். அம்மா வீடு காரைக்கால். அங்கே தங்கிப் பிரெஞ்சு வழிப் பள்ளியில்தான் படித்தேன். 1954-ல் பிரெஞ்சுக்காரர் போய்விட்டாலும் பள்ளிகள் போகவில்லை. திக்தே என்று தினமும் சொல்வதெழுதுதல் நடக்கும். ஒரு எழுத்து விட்டால் பெஞ்சில் ஏற்றிவிடுவார் முசியே. முனிசிபாலிட்டியை மேரி என்போம். அங்கே எத்தா சிவில் என்ற தடித்த புத்தகங்கள் இருக்கும். குழந்தை பிறந்தால் பெயர், மணி, நாள், தகப்பன், தாய், அவர்கள் வயது, தொழில், சாட்சிகள் என்று ஒரு பக்கம் எழுதுவார்கள். கல்யாணத்துக்கு ஒரு பக்கம், சாவுக்கு ஒரு பக்கம். நூறு வருஷத்துக்கு முந்திய பெரியவர் ஒருவரின் பக்கத்தைப் படித்தால் அவர் எதிரில் வந்து நிற்பது போல இருக்கும். ஆளுவதற்காகத்தான் பிரெஞ்சுக்காரர்கள் அதை எழுதினார்கள், நம் மேல் பாசத்தால் அல்ல. ஆனாலும் இன்று பிள்ளைகள் பலர் பாரிஸுக்குப் போக அந்தப் பக்கங்கள்தான் கை கொடுக்கின்றன.

பிறகு நானும் அரசாங்க குமாஸ்தா ஆனேன். ஒரு நாள் நான் எழுதாமல் விட்ட ஒரு வரியைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை முடிக்க முடியாது.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. சுனாமி. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கு மேல், காரைக்கால் பகுதியில் நானூறுக்கு மேல் இறந்தார்கள். எங்களில் பலரை அள்ளிக்கொண்டு வந்த உடல்களைக் குறிக்கும் வேலைக்கு அனுப்பினார்கள். ஒரு நோட்டுப் புத்தகம், ஒரு பேனா. அழுது தேடி வந்தவர்கள் அடையாளம் காட்டியதற்குப் பெயர் எழுதினேன். மற்றதற்கு, "பெண், வயது சுமார் 30, பச்சைப் புடவை" என்ற மாதிரி எழுதினேன். சாயந்திரத்துக்குள் புதைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் தொற்றுநோய் வந்துவிடும் என்று எல்லோரும் சொன்னோம், எல்லோரும் நம்பினோம்.

மூன்றாம் நாள் ஒரு மனிதர் வந்தார். உள்ளூர்க்காரர் இல்லை. பண்டிகைக்கு உறவினர் வீட்டுக்கு வந்த மனைவியைத் தேடி வந்திருந்தார். "இடது முழங்கையில் பச்சை குத்தியிருக்கும் சார், அவ அம்மா பெயர்" என்றார். நோட்டைப் புரட்டினேன். வயதும் புடவையும் ஒத்துப்போன இடம் இரண்டு இருந்தது. பச்சை குத்தியதைப் பற்றி எதிலும் எழுதவில்லை. இரண்டில் ஒரு கையில் பார்த்த மாதிரி எனக்கு ஞாபகம். எந்தக் கை, எந்த உடல் என்று சத்தியமாகச் சொல்ல முடியவில்லை. ஒரு வரி எழுத எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? அவர் என்னைத் திட்டவில்லை. அந்த மண்மேட்டின் ஓரத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, ஒரு பிடி மண் எடுத்துத் துண்டில் முடிந்துகொண்டு போனார். அது என் பிழை. வேறு யார் தலையிலும் போட மாட்டேன்.

இயற்கைப் பேரிடரில் அடிபட்டுச் செத்தவர்களின் உடலால் கொள்ளைநோய் பரவாது என்பதையும் பிற்பாடுதான் படித்தேன். அவ்வளவு அவசரம் வேண்டியிருக்கவில்லை. 2006-ல் உலக சுகாதார நிறுவனமும் செஞ்சிலுவைச் சங்கமும் சேர்ந்து இதற்கென்றே ஒரு கையேடு போட்டார்கள். ஒவ்வொரு உடலுக்கும் தனி எண், முகத்துக்கும் முழு உடலுக்கும் உடைக்கும் புகைப்படம், தழும்பு, மச்சம், பச்சை எல்லாம் ஒரு படிவத்தில், பிறகு அந்த எண்ணோடு தனித்தனியாகத் தெரியும்படி புதைப்பது. எந்தக் குமாஸ்தாவும் செய்யக்கூடிய வேலை.

அதே அலை தாய்லாந்தையும் அடித்தது. அங்கே ஐயாயிரத்துக்கு மேல் இறந்தார்கள். பாதிப் பேர் வெளிநாட்டுச் சுற்றுலாக்காரர்கள். முப்பதுக்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து நிபுணர்கள் புக்கெட் தீவுக்கு வந்து வருஷக்கணக்கில் வேலை பார்த்தார்கள். டி.என்.ஏ.தான் அதிகம் உதவியிருக்கும் என்று நினைப்போம். ஆரம்பத்தில் பெரும்பாலோரை அடையாளம் காட்டியது பல். ஐரோப்பாவில் ஒவ்வொருவருக்கும் பல் டாக்டரிடம் எக்ஸ்ரேயும் அட்டையும் இருக்கும். தாய்லாந்துக்காரர்களுக்கு அடையாள அட்டைக்கு எடுத்த கைரேகை உதவியது. கடைசியில் சுமார் 400 உடல்களுக்குப் பெயர் கிடைக்கவில்லை. அவற்றில் பல, காகிதம் இல்லாமல் பர்மாவிலிருந்து வந்த கூலிகளுடையவை என்று கருதுகிறார்கள்.

அறுபது வருஷ இடைவெளியில் அதே தேசம். அன்றைக்கும் இன்றைக்கும் பெயர் இல்லாமல் மண்ணுக்குள் போனவன் கூலிக்காரன். உயிரோடு இருக்கும்போது அவனைப் பற்றி யாரும் எழுதி வைக்கவில்லை. செத்த பிறகு எந்த ஆய்வகத்தாலும் அந்தக் குறையை நிரப்ப முடியவில்லை.

2023-ல் தாய்லாந்துத் தமிழ்ச் சங்கத்தார் காஞ்சனபுரியில் இந்தத் தொழிலாளர்களுக்கு ஒரு நடுகல் எழுப்பினார்கள். தமிழ்நாடு அரசும் பணம் கொடுத்தது. படத்தைப் பார்த்து மனம் நிறைந்தது. ஆனால் நம் பழைய நடுகற்களில் இன்ன ஊர், இன்னார் மகன், இன்னான் பட்டான் என்று எழுதியிருக்கும். இதில் அப்படி எழுத வேண்டுமானால் பெயர்கள் நம் வீடுகளிலிருந்துதான் போக வேண்டும்.

அதனால் நான் தேடினேன். அப்பா இல்லை, அத்தைமார் இல்லை. ஊரில் பழைய பிறப்புப் பதிவு அந்த வருஷத்துக்குக் கிடைக்கவில்லை. கடைசியில் பங்காளி வீட்டுப் பரண்மேல் ஒரு டிரங்குப் பெட்டியில் கரையான் அரித்த பாகப் பத்திரம் ஒன்று கிடைத்தது. 1924-ல் கொள்ளுத்தாத்தாவும் அவர் சகோதரர்களும் நிலம் பிரித்துக்கொண்டது. பத்திரத்தில் மைனர் பிள்ளைகள் பெயரும் வரும் அல்லவா? கொள்ளுத்தாத்தாவின் பெயருக்குக் கீழே, முதலில் என் தாத்தா. அடுத்த வரியில், "மேற்படியாரின் இளைய மைனர் குமாரர்" என்று ஒரு பெயர், வயது 9.

பத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு கணக்குப் போட்டேன். 1924-ல் ஒன்பது என்றால், கப்பலேறும்போது இருபது. காலரா வந்த வருஷம் இருபத்தெட்டு. நாங்கள் தாத்தா தாத்தா என்று சொல்லிக்கொண்டிருந்தவர் என் பேரனைவிட ஒரு வயதுதான் பெரியவர்.

வாசகர்களில் பலருக்கு இப்படி ஒரு மலாயாத் தாத்தாவோ, ரங்கூன் பெரியப்பாவோ, கண்டிச் சின்னம்மாவோ இருப்பார்கள். உங்கள் வீட்டில் எண்பதைத் தாண்டியவர் யாராவது இருந்தால் இந்த வாரமே உட்கார்ந்து கேளுங்கள். பெயர், தகப்பன் பெயர், ஊர், போன வருஷம், தோட்டத்தின் பெயர், கடைசிக் கடிதத்தின் தபால் முத்திரை, உடம்பில் மச்சம் தழும்பு. ஒரு நோட்டில் எழுதித் தேதி போட்டுக் கையெழுத்து வாங்கி வையுங்கள். கையெழுத்து எதற்கு என்று கேட்டால், குமாஸ்தா புத்தி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த மகாளய அமாவாசைக்கு அதே துலாக் கட்டம், அதே வாத்தியார். என்னை அவருக்கு ஞாபகம் இல்லை. எல்லாம் முடிந்து, "வேறே யாராவது உண்டா?" என்றார். உண்டு என்றேன். "பெயர்?" என்றார். சொன்னேன். ஒரு தடவை திருப்பிச் சொல்லிச் சரிபார்த்துக்கொண்டு மந்திரத்தில் சேர்த்துக்கொண்டார்.

அவர் போன திதி இன்னும் தெரியாது. அமாவாசை இருக்கிறது, அதுவரை போதும்.